கூடையை இறக்கிவிட்ட பஸ்

அன்று காலை பஸ் நிறுத்தத்தில் இருந்தவர்கள் இவர்கள். டீக்கடை பாய். மில்லுக்குப் போகும் இரண்டு பேர். கண்டக்டர். என் கொழுந்தன் மனைவி பிலோமினா. மீன் கூடையோடு நான். மாதாவும் இருந்தாள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

1968, ஐப்பசி. திருவொற்றியூர் குப்பம். கட்டுமரத்தைக் கரையேற்றும்போது என் வீட்டுக்காரர் கால் முறிந்தது. நான்கு பிள்ளைகள். நான் மீன் விற்றால்தான் உலை. கரையில் ஏலம் எடுத்து, பஸ்ஸில் தண்டையார்பேட்டைக்குப் போய், தெருத்தெருவாக விற்பேன். பிலோமினாவும் அங்கேதான் விற்பாள்.

அன்று கண்டக்டர் என்னைத் தடுத்தார்.

“கூடைய எறக்கும்மா. தண்ணி சொட்டுது. வண்டியே கலீஜாவுது.”

“அவ வச்சிகினு கீறது மட்டும் இன்னா, மல்லியப்பூவா?”

“அவங்க மூடி போட்டு கீறாங்க. நீ எறங்கு.”

பிலோமினாவிடம் மூடி வைத்த அலுமினியக் குண்டான் இருந்தது. அவள் புருஷன் வாங்கிக்கொடுத்தது. அவனுக்கு இரண்டு காலும் நன்றாக இருந்தன. பஸ் கிளம்பியது. ஜன்னலில் தலையை நீட்டி, “நடந்தே வாக்கா, ஒடம்புக்கு நல்லது” என்றாள். உள்ளே மில்காரர்கள் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை.

நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது அவள் விற்று முடித்திருந்தாள். என் மீனுக்குக் கண் வெளுத்துவிட்டது. பாதியைத் திருப்பிக் கொண்டுவந்தேன். மறுநாளும் அப்படியே.

ஞாயிறு கோயிலில் முழங்கால் போட்டேன். “மாதாவே, அந்தக் குண்டான் ஓட்டையாகட்டும்” என்று வேண்டினேன். ஆகவில்லை. முன்னைவிடப் பளபளத்தது. வயிறு எரிந்தது.

அடுத்த ஞாயிறு வேறு மாதிரி வேண்டினேன். “அவள் பஸ்ஸில் போகட்டும். என் கூடை காலியாகட்டும்.” அரை மனதோடுதான் சொன்னேன். அதையும் மாதா கேட்டாள்.

திங்கட்கிழமை மழை. தொழிற்சாலைக்குப் பக்கத்து லைன் வீடுகளைத் தாண்டும்போது ஒரு பெண் கை தட்டினாள். அவள் புருஷன் நைட் ஷிப்ட் முடிந்து வந்திருந்தான்.

“மீன்காரம்மா, நில்லு. இங்க பஸ்ஸும் நிக்காது, மீனும் வராது. நாளைக்கும் வருவியா? ஒரு நாள் மூஞ்ச காட்டிட்டு பூடக்கூடாது.”

“வர்றேன்.”

போனேன். முழங்கால் தண்ணீரிலும் போனேன். தார் ரோடு சுட்ட சித்திரையிலும் போனேன். காய்ச்சலோடும் போனேன். நடக்க நடக்க ஜெபமாலை சொன்னேன். வீடுகள் சேர்ந்தன. கூடை வழியிலேயே காலியாகி, தண்டையார்பேட்டை வரை போவதே நின்றது. வீட்டுக்காரருக்குக் கால் கூடியது. மறுபடி கடலுக்குப் போனார்.

போன தவக்காலத்தில் பிலோமினா வந்தாள். தண்டையார்பேட்டையில் விற்கிறவர்கள் பெருகிவிட்டார்கள்.

“அக்கா, உன் லைன்ல எனக்கும் கொஞ்சம் வுடேன்.”

“பஸ்ஸு இன்னாச்சு?”

“பேஜாரு பண்ணாதக்கா.”

கொடுக்க மனம் இல்லை. கூடை கனத்த நாட்களை நினைத்தேன். கடைசி லைனில் நான்கு வீடு விட்டுக்கொடுத்தேன். இன்றைக்கும் அந்தப் பக்கம் அவள் குண்டான் பளபளத்தால் எனக்கு எரிகிறது. அதையும் மாதாவிடம் சொல்லிவிடுகிறேன்.

உங்களை எந்த வண்டி இறக்கிவிட்டிருந்தாலும் மாதாவிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு நடங்கள். மாதாவுக்குக் கோடி நன்றி.

பிலோமினாவுக்கு விட்டது போக என் வீடுகள் முப்பத்தாறு.