அமீனா இறங்காத பஸ்

பு.முட்லூர் நிறுத்தத்தில் ஏறிய கோர்ட் அமீனா சிதம்பரத்துக்கு ஒரு டிக்கெட் எடுத்தார். எந்த பஸ்ஸை ஜப்தி செய்யப் போகிறாரோ, அதே பஸ்ஸில். சில்லறையைச் சரியாகக் கொடுத்து, டிரைவருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் போய் உட்கார்ந்தார். தீர்ப்பின்படி பொருள்களைக் கைப்பற்றிக் கோர்ட்டில் ஒப்படைப்பது அவர் வேலை. நான் ஒரு வக்கீலின் குமாஸ்தா. ஜப்தி செய்ய வேண்டிய வண்டியை அடையாளம் காட்டுவதற்காக உடன் போயிருந்தேன். 2008-இன் கோடை அது. கையில் வாரண்டு இருக்கும்போது டிக்கெட் எதற்கு என்று முன்பொருமுறை அவரிடம் கேட்டிருக்கிறேன். "பஸ் ஸ்டாண்டு வர்ற வரைக்கும் நான் பாசஞ்சர்தானே சார்" என்றார். வேலையில் அவர் பழக்கம் அப்படித்தான். முன்கூட்டி யாரிடமும் மூச்சு விடமாட்டார்.

எங்கள் கட்சிக்காரர் கிள்ளையைச் சேர்ந்த மீனவர். சில வருடங்களுக்கு முன் சைக்கிளில் போனவரை அந்தத் தனியார் பஸ் இடித்துத் தள்ளியது. தலைக்காயம் ஆறியது, வலிப்பு தங்கிவிட்டது. நடுக்கடலில் விழுந்தால் யார் பார்ப்பது என்று அவரை யாரும் படகில் ஏற்றுவதில்லை. கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் வலையைச் சீர் செய்துகொண்டிருந்தார். பஸ்ஸுக்கு இன்சூரன்ஸ் காலாவதியாகியிருந்ததால் இழப்பீட்டை உரிமையாளரே கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. அவர் கட்டவில்லை. இரண்டு முறை வாரண்டோடு போனோம். இரண்டு முறையும் சேதி எப்படியோ எங்களை முந்திக்கொண்டது. அந்த நாள்களில் மட்டும் அந்த பஸ் ஓடவில்லை. மூன்றாம் முறையும் தவறினால் வண்டியை யார் பெயருக்காவது மாற்றிவிடுவார்கள் என்று எங்கள் வக்கீல் சொல்லியிருந்தார். மீனவரின் மனைவிக்கும் அது தெரியும்.

சிதம்பரம் பஸ் நிலையத்தில் கடைசிப் பயணி கூடையோடு இறங்கும்வரை அமீனா எழுந்திருக்கவில்லை. "பாசஞ்சரை ஜப்தி பண்ண எனக்கு ஆர்டர் இல்ல" என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, டிரைவரிடம் வாரண்டைக் காட்டிச் சாவியை வாங்கினார். டிரைவர் உரிமையாளரின் மச்சான். தகராறு எதுவும் செய்யவில்லை. கண்டக்டரைப் பணப்பையோடு அனுப்பிவிட்டு, செல்போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். எங்கள் வக்கீல் வரச் சொல்லிக் காலையிலிருந்தே காத்திருந்த மீனவரும் மனைவியும் நிழலிலிருந்து எழுந்து வந்தார்கள். அமீனா படியில் உட்கார்ந்து வண்டி விவரங்களை ஜப்தி மகஜரில் எழுதத் தொடங்கினார். மீனவர் பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்பக்கம் வந்து நின்று முகப்பு விளக்கைத் தொட்டுப் பார்த்தார். அப்படியே சாய்ந்தார்.

நான் வலிப்பை அருகில் பார்த்தது அன்றுதான். கண்கள் மேலே செருக, உடம்பு விறைத்து உதறியது. கூட்டம் கூடியது. இரும்பு கொடுங்கள், இரும்பு கொடுங்கள் என்று நான்கு பக்கமிருந்தும் குரல்கள். அமீனாவும் நம் ஊர்க்காரர்தானே. கையிலிருந்த பஸ் சாவியை மீனவரின் உள்ளங்கையில் வைத்து அழுத்திவிட்டார். "இரும்பெல்லாம் வாணாங்க, டாக்டரு சொல்லியிருக்காரு" என்றாள் மனைவி. கணவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, சட்டைப் பித்தானைத் தளர்த்தினாள். அதற்குள் கை சாவியோடு இறுக மூடிக்கொண்டது. சற்றுமுன் கோர்ட் கைப்பற்றிய சாவி, வழக்குப் போட்டவரின் பிடிக்குள் போய்விட்டது.

வழக்கமாக ஒரே தடவையில் அடங்கிவிடும் என்றாள். அன்று நினைவு திரும்புவதற்கு முன்பே மறுபடியும் உதறத் தொடங்கியது. காலையில் சாப்பிடாமல் கிளம்பியதால் மாத்திரையும் போடவில்லை என்று அப்போதுதான் சொன்னாள். அங்கே நின்ற ஒரே ஆட்டோக்காரர் நுரையைப் பார்த்துத் தயங்கினார். டிரைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"ஏத்துங்க சார். நான் ஓட்டறேன்."

கணவரின் தலையை மடியில் வைத்திருந்தவள் நிமிர்ந்தாள். "வாணாம். இந்த வண்டி இங்கேருந்து நவுந்தா திரும்பக் கெடைக்காது. ஒன் மச்சான் எங்கயாவது கொண்டு போயி ஒளிச்சிடுவாரு."

அமீனா அவள் பக்கத்தில் குனிந்தார். "யம்மா, நான் உள்ளாற ஒக்காந்துக்கறேன். நான் எறங்காத வரைக்கும் ஜப்தி ஜப்திதான்."

"எறங்க மாட்டீங்களே?"

"மாட்டேன்."

அவள் கணவரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சாவியை எடுத்தாள். அமீனாவிடம் தரவில்லை. தானே டிரைவரிடம் நீட்டினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் நானும் டிரைவரும்தான் அவரைத் தூக்கி இறக்கினோம். அமீனா இருக்கையை விட்டு அசையவில்லை. வாசலில் நின்ற ஒரு அம்மாள், "கல்லு மாரி ஒக்காந்திருக்கானே, ஒரு கை புடிச்சா கொறஞ்சா பூடுவான்" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியை எடுக்கச் சொல்லிக் காவலாளி கத்தியதால் டிரைவர் அதை மதிலோரம் நிறுத்திவிட்டு அருகிலேயே நின்றார். பிற்பகல் வெயிலில் தகரம் கொதித்தது. அமீனா மடியில் தாளை வைத்து மீதி மகஜரை எழுதி முடித்தார். நான் ஜன்னல் வழியாகத் தண்ணீர் கொடுத்தேன். மாலையில் மீனவரின் மனைவி வெளியே வந்தாள். அவள் கண் முதலில் பஸ்ஸைத்தான் தேடியது. பிறகு ஜன்னலருகே வந்து, "முழிச்சிட்டாரு. பேரு கேட்டா சொல்றாரு" என்றாள். அமீனா தலையசைத்தார். கோர்ட் வளாகத்துக்கு வண்டியை விடச் சொன்னார். அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் இறங்கினார். கால் மரத்துப்போய்க் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார்.

உரிமையாளர் ஆட்சேபணை போட்டார். ஜப்தி செய்த வண்டி நகர்ந்துவிட்டது, சாவி வழக்குப் போட்டவர் கைக்கும் அங்கிருந்து டிரைவர் கைக்கும் போயிருக்கிறது, ஆகவே ஜப்தி செல்லாது என்பது அவர்கள் வாதம். படித்துப் பார்த்த எங்கள் வக்கீலுக்கே கவலை வந்துவிட்டது. சாவியைக் கொடுத்தது தான்தான் என்று அமீனா அறிக்கையில் மறைக்காமல் எழுதியிருந்தார். டிரைவரை அவர்கள் தங்கள் சாட்சியாகக் கொண்டுவந்தார்கள். அமீனா எந்த நேரத்திலாவது வண்டியை விட்டு இறங்கினாரா என்று நீதிபதி கேட்டார். டிரைவர் தன் மச்சானை ஒருமுறை பார்த்தார். "எறங்கலைங்க" என்றார். ஆட்சேபணை தள்ளுபடியானது. ஏலத்துக்கு விடும் முன்பே உரிமையாளர் பணத்தைக் கோர்ட்டில் கட்டி வண்டியை மீட்டுக்கொண்டார்.

இப்போது அமீனா ஓய்வு பெற்றுவிட்டார். மீனவர் கிள்ளையில் வலைக்கான நூலும் மிதவையும் விற்கும் கடை வைத்திருக்கிறார். மாத்திரையைத் தவறவிடுவதில்லை. வலிப்பு எப்போதாவதுதான் வருகிறதாம். சாட்சி சொன்ன டிரைவரை மட்டும் வெகு நாள் பார்க்கவில்லை. அந்த பஸ்ஸில் அவருக்கு அப்புறம் வேலை இல்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். கொஞ்ச நாளைக்கு முன் கடலூரில் ஒரு பள்ளிக்கூட வேனின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு அவராகவே வந்து பேசினார். அன்று கோர்ட்டில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரில நிக்கிறப்ப மச்சான் போன்மேல போன் போட்டாரு சார். அந்தாளு எறங்குனதும் வண்டிய எடுத்துக்கிட்டு வந்துடுன்னாரு. சாவி எங்கிட்டதான் இருந்துச்சு. ஒண்ணுக்குப் போவவாவது எறங்குவாருன்னு சாயங்காலம் வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன். எறங்கல. அப்பறம் கோர்ட்ல என்ன சார் சொல்றது?"