பேய்க்கு நான் எழுதிய வசனம்

வங்கியிலிருந்து ஓய்வு பெற்றபின், செம்பூரில் ஒரு டப்பிங் ஸ்டூடியோவுக்குத் தமிழ் வசனம் எழுதிவருகிறேன். திரையில் வாய் மூடும் இடத்தில் நம் சொல்லும் உதட்டை மூடவேண்டும். அதற்காக ஒரே காட்சியை நாற்பது தடவை பார்ப்பேன்.

சென்ற ஆண்டு ஒரு ஹிந்திப் படம் வந்தது. கல்லூரி நாளில் படித்துப் பயந்த பழைய பேய்க்கதை. இறந்துபோன மனைவி தினமும் ஜன்னலில் வந்து நின்று ஒன்றே ஒன்றைச் சொல்வாள்: "நான் கூப்பிட்டேன், நீங்க வரலை." கதையில் கணவனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். குடும்பத்தோடு பார்ப்பதற்கான படம் என்பதால் பைத்தியத்தை எடுத்துவிட்டு, பேயின் மடியில் ஒரு பூனைக்குட்டியை வைத்திருந்தார்கள். அந்த வரியை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்.

"குழந்தைங்க பாக்கறது சார். இந்த லைனைக் கொஞ்சம் சாஃப்ட் பண்ணிடுங்களேன்" என்றார் டப்பிங் இயக்குநர்.

ஐந்து நிமிடத்தில் எழுதிக்கொடுத்தேன்: "நான் கோபப்படலை, நீங்க அழாதீங்க."

பேய்க்குக் குரல் கொடுத்தவர் தாராவிக்காரப் பெண். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன சார், இம்புட்டு நல்ல பேயா இருக்கு. எங்க ஊருப் பேயின்னா மொத நாளே கழுத்தத் திருகிரும்லா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வரியை நான் குழந்தைகளுக்காக எழுதவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, அதே ஸ்டூடியோவில் நான் உட்கார்ந்திருந்த ஒரு காலையில், வீட்டில் தனியாக இருந்த என் மனைவி மூன்று முறை எனக்கு போன் செய்தாள். மாலையில் நான் போய்க் கதவைத் திறந்தபோது சமையலறைத் தரையில் கிடந்தாள். உடல் சில்லிட்டிருந்தது. அவள் போனில் அந்த மூன்று அழைப்புகளையும் பார்த்த மகளிடம், ஸ்டூடியோவில் போனை லாக்கரில் வைக்கவேண்டும் என்று சொன்னேன். நம்பினாள்.

படம் தமிழில் டிவிக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் மகள் வீட்டில் பார்த்தோம். "தாத்தா, யே பூத் கித்னா ஸ்வீட் ஹை" என்று அந்தப் பேயைக் கொஞ்சினாள் பேத்தி. என் வரி வந்ததும் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மாவும் உன்கிட்ட இதைத்தான் சொல்லியிருப்பா, அப்பா."

என்னால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை. "போன் லாக்கர்ல இல்லை" என்றேன்.

"என்ன?" ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினாள்.

"சட்டைப் பையில இருந்தது. காப்பிப்பொடி வாங்கத்தான் கூப்பிடறாளாக்கும்னு கட் பண்ணிட்டேன்."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. "அம்மா, ஆவாஸ் கரோ நா" என்று சத்தம் வைக்கச் சொல்லிக் குழந்தை இழுத்தது. ரிமோட் மகள் கையிலேயே இருந்தது; சத்தம் வைக்கவில்லை. திரையில் பேய் மறுபடி ஜன்னலுக்கு வந்து வாயசைத்தது. அந்த உதடுகள் எனக்கு மனப்பாடம். சத்தமில்லாமல் பார்க்கும்போது அங்கே நான் எழுதிய வரி இல்லை. கூப்பிட்டேன், வரலை என்றுதான் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.