அக்கா எடை பார்த்த நாட்கள்

வினிகர் என்கிற காடியின் நெடி மூக்கில் ஏறினால் இன்றும் எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. மீன் ஊறுகாய்க்காக அம்மா ஜாடியில் வைத்திருந்த அந்தக் காடியைத்தான், இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த வருஷம், ரோஸ் அக்கா விடிந்ததும் தண்ணீரில் கலந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு மடமடவென்று குடிப்பாள். சாந்தோமில் மாதா கோயிலுக்குப் பின்னாலிருந்த சந்தில் எங்கள் வீடு. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். நான் சிறுமி, அக்கா உபாத்தியாயினிப் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தாள்.

அதற்கு முன்பெல்லாம் அக்கா சாப்பிடுவதைப் பார்த்தாலே பார்ப்பவர்களுக்குப் பசி எடுக்கும். உருண்டை முகம், பருத்த கைகள். பரங்கிமலையிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் சொல்லும்வரை அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. மாப்பிள்ளையின் அத்தை, அம்மா சுட்ட வடையை மென்றபடியே, "பொண்ணு லட்சணமாத்தான் கீது. கொஞ்சம் தடியா கீதே, எங்க பையன் ஒல்லியாச்சே" என்றாள். அவர்களிடமிருந்து பிறகு தகவலே இல்லை. அக்கா சோற்றுத் தட்டைத் தொடுவதை நிறுத்தினாள்.

காடித்தண்ணீர், பால் விடாத காப்பி, மாலையில் ஒரு வாழைப்பழம், அதிலும் பாதி எனக்கு. வீட்டில் அவள் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடப்பாள். பட்டினப்பாக்கம் வரை மணலில் வேகமாகப் போய் அதே வேகத்தில் திரும்புவாள். "ஊரே ஒரு பிடி அரிசிக்கு ரேஷன் கடையில 'கியூ' நிக்குது, நீ இன்னாடி தட்டைத் தள்ளுற?" என்று அம்மா கத்துவாள், பிறகு அடுப்படியில் முகத்தை மூடிக்கொண்டு அழுவாள். அப்பாவும் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார்.

மேற்கு மாம்பலத்தில் இருந்த திரெசா அத்தையைப் பார்க்கப் போவதாகச் சொல்லி அக்கா அடிக்கடி என்னை அழைத்துக்கொண்டு கிளம்புவாள். பெட்ரோல் கிடைக்காததால் கரியை எரித்துப் புகை விட்டுக்கொண்டு ஓடும் பஸ்ஸில் தியாகராய நகர் போய், அங்கிருந்து நடந்தால் மாம்பலம் ஸ்டேஷன். அத்தை வீட்டுக்குப் போகிறோமோ இல்லையோ, ஸ்டேஷனில் இருந்த எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் அக்கா கட்டாயம் ஏறி நிற்பாள். காசு போட்டதும் உள்ளே ஏதோ உருளும். 'டக்'கென்று சின்ன அட்டை ஒன்று விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் சோசியம். சோசியத்தை என்னிடம் படிக்கச் சொல்லிவிட்டு அவள் எடையை மட்டும் வெறித்துப் பார்ப்பாள். குறைந்திருந்தால் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் கன்ன எலும்பு துருத்திக்கொண்டு தெரியும்.

ஒருநாள் அட்டையைப் பார்த்து அப்படிச் சிரித்தவள், தாம்பரம் வண்டி நுழைகிற நேரத்தில், பிளாட்பாரத்தின் விளிம்பை நோக்கித் தள்ளாடினாள். நான் அவள் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். முந்தானைதான் கையோடு வந்தது. பக்கத்தில் நின்ற புர்கா அணிந்த அம்மாள் ஒருவர்தான், "யா அல்லா!" என்று பாய்ந்து, அக்காவின் இடுப்பைக் கட்டிப் பின்னால் சாய்த்தார். வண்டியின் காற்று எங்கள் மூன்று பேர் முகத்திலும் அடித்தது. "இந்தப் பொண்ணு துன்னு எத்தினி நாளாச்சு?" என்று அவர் என்னைக் கேட்டார். நான் அத்தை வீட்டு விலாசத்தைச் சொன்னேன்; அவரே எங்களை ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டார்.

திரெசா அத்தை ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பாவின் தங்கையானாலும் அவளிடம் அப்பாவுக்கே பயம். ரிக்‌ஷாவில் வந்து இறங்கிய அக்காவைப் பார்த்தவள், தலையைக் கோதிவிட்டாள். கையோடு ஒரு கொத்து முடி வந்தது.

"பட்டினி கெடந்தா எடை குறையும்டி, யாரு இல்லன்னா? மொதல்ல தெம்பு போவும், அப்புறம் முடி போவும், அப்புறம் நீயே போய்டுவே."

அன்றிலிருந்து அக்கா அத்தை வீட்டிலேயே தங்கினாள். விடுமுறை என்பதால் நானும். அங்கே விசேஷமாக ஒன்றும் சமைக்கவில்லை. ரேஷனில் கிடைத்த கேழ்வரகைக் கூழாக்கி மோர் விட்டு, சின்ன வெங்காயத்தோடு காலையில் கொடுப்பாள். "பகல் வரைக்கும் பசியைப் புடிச்சு நிறுத்தும்" என்பாள். மத்தியானம் அளவாகச் சோறு, சோற்றை மறைக்கிற அளவுக்கு முருங்கைக்கீரை, கிடைத்த நாளில் நெத்திலிக் குழம்பு. சாயங்காலம் சுண்டல். நெய்யும் சர்க்கரையும் கண்ணில் படாது. யுத்த காலத்தில் அவை எங்கே கிடைத்தன! "நடக்கணும்னா நட. துன்னுட்டு நட" என்று அக்காவைப் பனகல் பார்க் வரை தானே கூட்டிப் போவாள்.

அக்கா எளிதில் அடங்கவில்லை. கூழைத் தோட்டத்தில் கொட்டினாள். ரயில் சத்தம் கேட்டால், எடை பார்க்கப் போகச் செருப்பைத் தேடினாள். "மறுபடி ஊதிட்டா யாரு அத்தை என்னைக் கட்டிப்பா?" என்று ஒருநாள் வெடித்து அழுதாள். அத்தை இன்னொரு கிண்ணம் கூழைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். வெகு நேரம் கழித்து அக்கா அதைக் குடித்தாள்.

மாற்றம் மெதுவாக வந்தது. முதலில் தூக்கம் வந்தது, பிறகு சிரிப்பு. ஒரு மத்தியானம் "இன்னும் கொஞ்சம் கீரை போடு அத்தை" என்று அவளே தட்டை நீட்டினாள். பட்டினிக்கு முந்தைய உடம்பைவிடச் சற்று இளைத்திருந்தாள், அவ்வளவுதான். ஆனால் படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை, தண்ணீர்க் குடத்தை ஒரே தூக்காக இடுப்பில் வைத்தாள்.

அவள் சாந்தோம் திரும்பிய பிறகு, பரங்கிமலை மாப்பிள்ளையின் அத்தை மறுபடி வந்தாள். "பொண்ணு எளைச்சிடுச்சாமே, அதான் ஒரு தபா பாத்துட்டுப் போலாம்னு" என்று இழுத்தாள். அம்மாவின் முகம் மலர்ந்தது. காப்பித் தட்டோடு வந்த அக்கா, டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "காப்பி சாப்டுட்டுப் போங்க. உங்க பையனுக்கு வேற எடம் பாருங்க."

அம்மா பல நாள் அக்காவோடு பேசவில்லை. அக்கா வேலைக்குப் போனாள். சில வருஷங்கள் கழித்து, கூட வேலை பார்த்த வாத்தியார் ஒருவரைக் கட்டிக்கொண்டாள்.

கரிப்புகை பஸ் போய்விட்டது. திரெசா அத்தை போய்விட்டாள். அவள் வீடு இருந்த இடத்தில் இப்போது மாடிக் கட்டடம். சாந்தோம் சந்தில் எங்களை அறிந்தவர் யாருமில்லை. இன்று காலை, கல்லூரிக்குக் கிளம்பிய என் மகள் இரண்டு வாய் இட்லியோடு எழுந்து, "ரொம்ப குண்டாயிட்டேம்மா" என்றாள். அவள் பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டு, இட்லித் தட்டை அவள் பக்கம் நகர்த்திவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். அவளுக்கு பஸ் தவறிவிட்டது.