பதினொரு மாத வதிவிடம்

செய்தி ஆன்சரிங் மெஷினில் இருந்தது. குணத்தின் குரல்.

"யோகலிங்கம் அண்ணை போயிட்டார். காலமை பஸ்ஸுக்கு நிண்ட இடத்தில விழுந்திட்டார். ஹார்ட்டாம். உனக்குச் சொல்லவேணும் எண்டு எனக்கில்லை. எண்டாலும் சொல்லுறன்."

குணம் அவருக்குத் தம்பி முறை. ரொறன்ரோவில், மோர்னிங்சைட்டில் ஒரு பேஸ்மென்ரில் நாங்கள் மூவரும் இரண்டு வருடம் இருந்தோம். அவரை எனக்குப் பிடிக்காது. அவருக்கு என்னைப் பிடிக்காது. முப்பத்தோராம் நாள் வருகிறவர்களின் கையில் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தில், கல்வெட்டில், யாரும் இப்படி எழுதுவதில்லை. நான் எழுதுகிறேன்.

காரைநகரில் பிறந்தார். சைக்கிள் கடை வைத்திருந்தார். கனடாவுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்ன ஏஜென்ற் அவரை மொரோக்கோவில் விட்டுவிட்டு மறைந்தான். வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்ல, பஸ் ஏறி, மலை தாண்டி, வர்சாசாத்தில் இறங்கினார்.

பாலைவனம் தொடங்கும் இடம். பேர்பர் மக்களின் ஊர். செம்மண் சுவர்கள், தூரத்து மலையில் பனி. வெளிநாட்டுச் சினிமாக்காரர்கள் வந்து குவிவார்கள். சாந்து பூசிய ரோமாபுரி வாசல் ஒன்று அங்கே நின்றதாம். பின்பக்கம் போனால் வெறும் மரச்சட்டம் என்று சொல்லிச் சிரிப்பார்.

பிராஹிம் என்ற விடுதிக்காரர் அவரைத் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டார். காலையில் லொறி வந்து படத்துக்கு ஆள் ஏற்றும். படப்பிடிப்பு இல்லாத நாட்களில் பிராஹிம் அவருக்கு நீலத் தலைப்பாகை கட்டி, சுற்றுலாப் பயணிகளுக்காக ஒட்டகத்துக்குப் பக்கத்தில் நிறுத்துவார்.

"என்னைக் கண்டால் ஜெர்மன்காரர் விடாயினம். பிராஹிம் வெள்ளைத் தோல். அவனை யார் படம் எடுப்பான்? அசல் பாலைவனத்தான் நான்தான்!"

சினிமாவில் அவருக்குப் பெரும்பாலும் ஒரே வேடம். பிணம்.

"சாகிறது லேசில்லைத் தம்பி. மூச்சை வயித்துக்க விடவேணும். நெஞ்சு அசையக்கூடாது. மூக்கில ஈ இருந்தாலும் இருக்கட்டும்."

"வின்ரரில ஹீற்றர் இல்லாமல் நாங்களும் உதுதானே அண்ணை செய்யிறம்" என்பான் குணம்.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். அகதிப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பேன். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வழியில் நின்ற நாடுகளைச் சொல்லக்கூடாது. சொன்னால், அங்கேயே ஏன் தஞ்சம் கேட்கவில்லை என்று கேட்பார்கள். கனடா வருமுன் அவர் வர்சாசாத்தில் இருந்த பதினொரு மாதங்களை வெட்டிவிட்டு, கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார் என்று எழுதினேன்.

"நான் கொழும்பில நிக்கேல்லைத் தம்பி."

"எல்லாரும் இப்பிடித்தான் அண்ணை எழுதுறவை. கேட்டால் கொழும்பு எண்டு சொல்லுங்கோ."

"உவர் பெரிய யூனிவேர்சிற்றி. என்ர சீவியத்தை எனக்குச் சொல்லித் தாறார்."

ஆனாலும் கையெழுத்து வைத்தார். மனைவியும் மகளும் கொழும்பில் காத்திருந்தார்கள். கேஸ் வென்றால்தான் அவர்களைக் கூப்பிடலாம்.

விசாரணை நாளில் நான் வெளியே வாங்கில் இருந்தேன். வேறு எந்த நாட்டிலாவது இருந்தீர்களா என்று உள்ளே கேட்டிருக்கிறார்கள். ஓம், வர்சாசாத் என்றிருக்கிறார். படிவத்தில் ஒன்று, வாயில் ஒன்று. நம்பத்தகாதவர் என்று சொல்லிப் பிறகு நிராகரித்தார்கள்.

"வாயை வைச்சுக்கொண்டு இருக்கேலாதோ உங்களுக்கு?" அன்று அவர் வெளியே வந்து சொன்னதும் அந்த நடைபாதையிலேயே கத்தினேன்.

"பதினொரு மாசம் அந்த மனிசன் தன்ர கோப்பையில எனக்குச் சாப்பாடு தந்தவன். அவனைத் தெரியாது எண்டு சொல்லவோ? வெட்டினது நீ. உன்ர கையால வெட்டினாய்."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பிழைக்கத் தெரியாத மனிதர் என்று ஆட்களிடம் சொல்லித் திரிந்தேன். என் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடிப்பதை அவர் நிறுத்தினார். நான் ரூஜ் பகுதியில் வேறு அறை பார்த்துப் போனேன். பிறகு எல்லாம் குணம் சொல்லித்தான் தெரியும். மேன்முறையீட்டுக்கு ஒரு லோயர், இன்னொரு லோயர். நான்கு குளிர்காலம். விட்பி என்ற ஊரில் வேலை, போகவர அரை நாள். மகள் சாமத்தியப்பட்டுப் பெரியபிள்ளையான செய்தியை டெலிபோனில் கேட்டார்.

உடலைப் பார்வைக்கு வைத்த இடத்தில் எல்லோரும் நன்றாகப் பேசினார்கள். பொறுமைசாலி, அமைதியானவர். எனக்கு எரிந்தது. அவர் பொறுமைசாலி அல்ல, கோபக்காரர். என்மேல் கோபப்பட அவருக்குக் காரணம் இருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை.

வெளியே குணம் ஒரு தாளை நீட்டினான். கல்வெட்டின் முதல் வரி. 'காரைநகரைப் பிறப்பிடமாகவும் கனடாவை வதிவிடமாகவும் கொண்ட.'

"மிச்சத்தை நீ எழுது. எங்களில எழுதத் தெரிஞ்சவன் நீதானே."

"நடுவில வர்சாசாத்தும் போடவேணும்."

"உதென்னடா? ஆக்கள் சிரிக்கப்போகினம். எல்லாரும் ரெண்டு ஊர்தானே போடுறவை."

"இன்னொருக்கா வெட்டமாட்டன்."

குணம் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"மனிசன் உயிரோட இருக்கேக்க இதை எழுதியிருக்கலாம்."

தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இந்தப் புத்தகம் கொழும்புக்கும் போகும். அவருடைய மகள் முதல் பக்கத்தைத் திறப்பாள். காரைநகரில் பிறந்தவர். வர்சாசாத்தில் பிராஹிம் வீட்டில் பதினொரு மாதம் வாழ்ந்தவர். ரொறன்ரோவில் காத்திருந்தவர்.

அண்ணை, இந்த முறை ஒரு சொல்லும் வெட்டவில்லை. போய்வாருங்கள்.