தூக்குவாளிக்குள் ஒரு சாம்பார் கவர்

இன்று காலை ஒத்தக்கடையில் இட்லி பார்சல் வாங்கப் போனேன். "சாம்பாரைக் கவர்ல வாங்கிட்டு வந்தா வீட்டுக்குள்ள விடமாட்டேன்" என்று மனைவி தூக்குவாளியைக் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

கடையில் ஒரே கூட்டம். ஆபீசுக்கு நேரமாகிறதே என்று நிலைகொள்ளாமல் நின்றேன்.

பார்சல் கட்டுகிற அண்ணன் வாளியை வாங்கிக்கொண்டார். வழக்கம்போல சாம்பாரைக் கவரில் ஊற்றி, நூலைச் சுற்றி, அந்தக் கவரை வாளிக்குள் பத்திரமாக வைத்துக் கொடுத்தார்.

"கவர் வேணாம்னுதானண்ணே வாளியே கொண்டாந்தேன்."

"அம்புட்டுத்தான, கொடுங்க" என்றவர், கவரைக் கிழித்துச் சாம்பாரை வாளியில் ஊற்றினார். கவர் குப்பைக்கூடைக்குப் போனது.

அந்த வாளியைப் படமெடுத்து, 'எங்க வீட்ல இனிமே கவர் கிடையாது' என்று மனைவி ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறாள். மதியத்திலிருந்து அந்த ஸ்டேட்டஸைத் திறந்து திறந்து மூடுகிறேன். லைக் போடுவதா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள்.