புரியாமல் படித்த இடம்

ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, குரல் தெரியும். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தே தலை நரைத்தவள். வண்டி தாமதமானாலும் ரத்தானாலும் அந்தக் குரல் ஏறாது, இறங்காது. அக்கம்பக்கத்தில் 'ரேடியோ' என்றே பெயர் விழுந்துவிட்டது.

ஓய்வு பெற்றதும் நூலகத்தில் கூப்பிட்டார்கள். பார்வையற்றவர்கள் கேட்பதற்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்யும் வேலை. சுவரெல்லாம் மெத்தை அடித்த சின்ன அறை, ஒரு மைக், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். முதல் புத்தகமே கனமானது. மனிதன் தன்னை அறிவதைப் பற்றிய தத்துவ நூல். அவள் அசரவில்லை. நாக்குப் பிறழாமல் கடகடவென்று முடித்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

அதைக் கேட்ட ஒரு பெண்மணி அவளைத் தேடி வந்தார். பார்வையற்றவர். பள்ளியில் இலக்கியம் நடத்துகிறவர் என்பதால் எல்லோருக்கும் அவர் டீச்சர்.

"நல்ல குரலுங்க உங்களுக்கு. ஆனா கேட்கக் கேட்க, பையைத் தூக்கிட்டு எந்திரிச்சு நிக்கணும்போல இருந்துச்சு. வண்டி வந்துடுமோன்னு!"

ஒலிப்பதிவாளர் களுக்கென்று சிரித்துவிட்டார். ரேடியோவுக்கு முகம் சுண்டிப்போனது.

"ஒரு இடம் மட்டும் ரொம்பப் பிடிச்சுது" என்றார் டீச்சர். "நம்ம நினைப்பையெல்லாம் உள்ளே இருந்து பார்க்கிறது யாருன்னு கேட்கிறாரே, அங்க நீங்க 'அட, இவரு என்ன சொல்றாருன்னே புரியலையே'ன்னு சொன்னீங்க. எனக்கு அங்கதான் புத்தகமே திறந்துச்சு."

அந்த முணுமுணுப்பைப் பதிவிலிருந்து வெட்ட மறந்த ஒலிப்பதிவாளர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கணவரிடம் போய் நின்றாள்.

"நான் எப்படிங்க பேசுறேன்?"

"போன்ல உன் தங்கச்சிகிட்ட ஒரு மாதிரி. மத்தவங்ககிட்ட எல்லாம் அறிவிப்புதான்."

"உங்ககிட்டயுமா?"

"நேத்து 'சாப்பாடு தயார்'னு ரெண்டு தடவை சொன்னே. பிளாட்பாரம் நம்பரும் சொல்லுவியோன்னு காத்துட்டிருந்தேன்."

உர்ரென்று இருந்தவளுக்குக் கொஞ்ச நேரத்தில் தானாகவே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தன் பதிவைத் தானே கேட்டாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்குள் ஆளும் இல்லை. அந்த முணுமுணுப்பு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இது நான்தானே! கூட்டமும் பதற்றமுமான ரயில் நிலையத்தில் பதறாத குரல் ஒன்று வேண்டியிருந்தது. அதை அவளேதான் செய்துகொண்டாள். நல்ல வேலைதான், வருத்தப்பட ஒன்றுமில்லை. வேலை முடிந்ததும் அந்தக் குரலைக் கழற்றி வைக்கத்தான் மறந்துபோயிருந்தாள்.

அடுத்து ஒரு நாவல் வந்தது. தன்னைப் பொறுமைசாலி என்றே நம்பி வாழ்ந்த ஒருத்தி, அது பொறுமையே அல்ல, வெறும் வீம்பு என்று கண்டுகொள்கிற கதை. அந்த இடத்தை வாசிக்கும்போது ரேடியோ மைக்குக்கு முன்னாலேயே, "அடிப்பாவி, என்னைய மாதிரியே இருக்காளே!" என்று சிரித்துவிட்டாள்.

டீச்சரிடம் இதைச் சொன்னபோது அவருக்கு ஒரே சந்தோஷம். "தத்துவக்காரர் நேரா உங்களையே கேட்டாரு, நீங்க நழுவிட்டீங்க. கதைக்காரர் பக்கத்து வீட்டுக்காரியைக் காட்டுற மாதிரி காட்டி உங்களைப் பிடிச்சுட்டாரு. ரெண்டு பேரும் கேட்டது ஒரே கேள்விதான்."

தத்துவ நூலைத் திரும்பப் பதிவு செய்ய வேண்டும் என்று ரேடியோ அடம்பிடித்தாள். ஒலிப்பதிவாளர் அலுத்துக்கொண்டேதான் ஒப்புக்கொண்டார். இந்த முறை நின்று நிதானமாக, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல வாசித்தாள். புரியாத வரியைப் புரியாத குரலிலேயே வாசித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஞானமெல்லாம் ஒன்றும் வந்துவிடவில்லை. புதன்கிழமைதோறும் அவளும் டீச்சரும் நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து, பார்க்கிறவன் யார், பார்க்கப்படுகிறவன் யார் என்று மல்லுக்கு நிற்கிறார்கள். சத்தம் தாங்காமல் நூலகர் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போகிறார்.