பொட்டலத்தில் போன வயல் மண்

படுவான்கரையிலிருந்து தோணியில் வாவியைக் கடந்தபோது அவர் எனக்கு எதிரே இருந்தார். வாகரைக்குப் போகும் விவசாயப் பகுதி உத்தியோகத்தர். மெலிந்த உடம்பு, நூல் கட்டிய மூக்குக் கண்ணாடி. மடியிலிருந்த சாக்குப் பொட்டலத்தை அடிக்கடி அவிழ்த்து, ஈரம் இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்தார்.

"வாகரையில மண் இல்லையா ஐயா, இஞ்சயிருந்து சுமக்கிறீங்க?" என்று தோணிக்காரன் சிரித்தான். "ஆர்ர மண்?"

"கோயிலடி வட்டை வயல் மண். பயறு நல்லா விளைஞ்ச இடம்."

சிரிப்பு நின்றது. "அது எங்கட அண்ணன்ட வயல். அவர்ர மகள் காய்ச்சலில பேச்சில்லாமக் கிடக்கிறாள். தண்ணிக்குள்ள கொட்டுங்க."

பிறர் வயல் மண்ணைக் கட்டிப்போவது சூனியம் வைக்கத்தான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

"கொட்டேலாது தம்பி. இதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசிருகள் இருக்கு. வாகரையில தூவினா, பயறு வேரில போய்க் குடியிருந்து பயிரை வளர்க்கும்."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அவர் சொன்னது மெய்யென்று புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனாலும் எனக்கே முதுகு சில்லிட்டது.

தோணிக்காரன் கரையை நோக்கிக் கூவிவிட்டு, தோணியை வந்த வழியே திருப்பினான். கரையில் ஆட்கள் கூடினார்கள். அவர் அது மருந்து என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. அந்த ஆட்களைக் கண்டும் அவர் பயந்தது பொட்டலத்துக்காகத்தான். வெயில் பட்டால் உள்ளே இருப்பவை செத்துப்போகும் என்று, தொப்பியைக் கழற்றி அதன்மேல் கவிழ்த்தார்.